விழுகிற பக்கம்

உயரம் பாய்தலைப் பற்றிக் கதைக்கிற எல்லாரும் தடியைப் பற்றித்தான் கதைப்பார்கள். எத்தனை மீற்றர், எத்தனையாவது முயற்சி, தடி ஆடி நின்றதா, விழுந்ததா. தடிக்கு அந்தப் பக்கம் கிடக்கிற மெத்தையைப் பற்றிக் கதைக்க ஆளில்லை. இது அந்த மெத்தையைப் பற்றிய கதை. அதைப் பிரித்து, காயவைத்து, வெட்டி, ஒட்டி, திரும்ப உறைக்குள் அடைந்து தைத்து முடிக்க எங்களுக்கு ஆறு சனி ஞாயிறு எடுத்தது.

நாங்கள் ஐந்து பேர். ஐந்து பேரும் கலைப்பீடம். மூன்று பேருக்கு வலிகாமத்தில் ஒரே ஊர். ஒருத்தி மாதகல், ஒருவன் வன்னி. மெத்தை அந்த மூன்று பேருடைய ஊர் விளையாட்டுக் கழகத்தினுடையது. ஒரு பள்ளிக்கூடத்துக்குப் புது மெத்தை வந்தபோது பழையதைக் கழகம் கேட்டு வாங்கி, லான்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு வந்தது. சனசமூக நிலையத்துக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டிலில்தான் அது இத்தனை வருடமும் கிடந்தது. சுற்றியுள்ள இரண்டு பள்ளிக்கூடங்களில் மெத்தையே இல்லை. அதனால் தை மாதம் இல்ல விளையாட்டுப்போட்டி நெருங்கும்போது அந்தப் பிள்ளைகளும் பின்னேரம் இங்கேதான் வந்து பாய்வார்கள்.

பிள்ளைகள் பாய்வதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஒன்று விளங்கும். எல்லாரும் இடது பக்கமாகத்தான் விழுந்தார்கள். வலது காலால் எம்புகிறவர்களும் இடது காலால் எம்புகிறவர்களும் ஒரே பக்கம். ஏன் என்று கேட்டதற்குத் தரம் 10 படிக்கிற ஒரு தங்கச்சி சொன்னாள்: "நடுவில விழுந்தா அடி தட்டுது அக்கா."

அடி தட்டுது. மெத்தை கெட்டுப்போவதற்கு இதைவிடச் சரியான சொல் எங்களுக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. வெளியே பார்த்தால் நீல றெக்சின் உறை, இரண்டு மூன்று இடத்தில் கிழிசல், அவ்வளவுதான். நடுவில் முழங்காலை ஊன்றிப் பாரத்தைக் குடுத்தால் உடனே சீமெந்துத் தரை முழங்காலில் படும். அரை மீற்றர் உயர மெத்தை, உள்ளே ஒன்றும் இல்லாத மாதிரி.

உள்ளே என்ன இருந்தது

உறையைப் பிரித்தோம். 2 மீற்றர் நீளம், ஒன்றரை மீற்றர் அகலத்தில் இரண்டு கட்டைகள். ஒவ்வொரு கட்டையிலும் 10 சென்ரிமீற்றர் தடிப்பில் ஐந்து ஸ்பொஞ் தட்டுகள். மேல் இரண்டு தட்டிலும் நடுப்பகுதி பப்படம் மாதிரித் தட்டையாகிவிட்டது. அமத்தினால் போன இடத்திலேயே கிடக்கும், திரும்பி எழும்பாது. அடித்தட்டு தரை ஈரத்தைக் குடித்துக் குடித்து, விரலால் தொட்டாலே மஞ்சள் தூளாக உதிர்ந்தது. ஒரு மூலையில் எலிக்குடும்பம் ஒன்று பல தலைமுறையாக இருந்த அடையாளம். நடுவில் இருந்த இரண்டு தட்டுகளும் மட்டும் கிட்டத்தட்டப் புதுசு.

மெத்தைக்குப் போடுகிற ஸ்பொஞ்சுக்குள்ளே இருப்பது பெரும்பாலும் காற்றுத்தான். சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று வாசல் திறந்தபடி. நாங்கள் விழும்போது அந்தக் காற்று அறை அறையாக நெரிபட்டு வெளியே போகவேண்டும். அது போக எடுக்கிற நேரம்தான் எங்களைக் காப்பாற்றுகிறது. அறைச்சுவர்கள் உடைந்து படுத்துவிட்டால் ஸ்பொஞ் இருக்கும், வேலை செய்யாது. உறையைச் சுற்றிவரக் காற்றுப் போக வழியில்லாமல் அடைத்தாலும் பிழை. அப்போது அது பலூன் மாதிரி ஆளைத் தூக்கி எறியும். அதனால்தான் நல்ல மெத்தைகளின் பக்கங்களில் வலை வைத்திருப்பார்கள்.

எங்களில் ஒருத்தியின் தம்பி உயர்தரத்தில் கணிதம் படிக்கிறான். அவன் கொப்பியில் கணக்குப் போட்டுக் காட்டினான். ஒரு மீற்றர் கீழே விழுகிற உடம்பை 25 சென்ரிமீற்றருக்குள் மெதுவாக நிற்பாட்டினால், அதில் படுகிற விசை சராசரியாக அந்த உடம்பின் பாரத்தைப்போல 5 மடங்கு. அதே உடம்பை 5 சென்ரிமீற்றருக்குள் நிற்பாட்டினால் 21 மடங்கு. தடியின் உயரம் அதேதான், பிள்ளையும் அதே பிள்ளைதான். நிற்கிற தூரம் மட்டும்தான் வேறு.

அவன் கணக்கைப் பார்த்துவிட்டு அம்மம்மா ஒருவர் சொன்னதையும் எழுதவேண்டும். அவர் வீட்டில் இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் வருடத்துக்கு ஒருக்கால் பிரித்து, பஞ்சை வெயிலில் போட்டு உதறி, குறைந்த அளவுக்குப் புதுப் பஞ்சு சேர்த்துத் தைத்த காலம் இருந்தது. "உறை கிழியுமட்டும் பாத்துக்கொண்டிருந்தனீங்களோ? பஞ்சு படுத்தா உறை சொல்லாது பிள்ளை, முதுகுதான் சொல்லும்."

"அந்தக் காலத்தில மணலிலதானே பாஞ்சவை"

வேலை தொடங்கின அண்டே கழகத்து மூத்தவர் ஒருவர் வந்து கேட்டார். "எதிர்வீரசிங்கம் என்ன மெத்தையிலயோ பாஞ்சவர்? மணலில பாஞ்சு தங்கம் எடுத்த மனுசன்."

எங்கள் ஊர்ப்பக்கம் உயரம் பாய்தல் என்று சொன்னால் அந்தப் பெயர் வராமல் இருக்காது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1952இல் ஹெல்சிங்கி, 1956இல் மெல்பேர்ண் என்று இரண்டு ஒலிம்பிக்கில் பாய்ந்தவர். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் எடுத்தார். ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான். அந்தக் காலத்தில் விழுகிற இடம் மணலோ மரத்தூளோதான். ஐயா சொன்னதில் அந்தளவும் சரி.

ஆனால் அந்தக் காலத்துப் பாய்ச்சல் வேறு. மணலில் விழவேண்டும் என்றால் காலில் விழவேண்டும், இல்லாவிட்டால் கையையும் காலையும் ஊன்றிப் பக்கவாட்டில் உருளவேண்டும். தடியைத் தாண்டுகிற முறைகள் எல்லாம் அதற்கு ஏற்ற மாதிரித்தான் இருந்தன. 1960களில் ஸ்பொஞ் மெத்தை பரவத் தொடங்கியது. 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் பொஸ்பரி முதுகைத் தடிக்குக் காட்டி, தலை முதலில் போக, 2.24 மீற்றர் தாண்டித் தங்கம் எடுத்தார். இண்டைக்குப் பெரிய போட்டிகளில் பாய்கிற எல்லாரும் அப்படித்தான் பாய்கிறார்கள். அந்தப் பாய்ச்சலில் முதலில் தரையைத் தொடுவது தோளும் முதுகும். மணலில் அதைச் செய்தால் கழுத்து மிஞ்சாது. விழுகிற இடம் மாறின பிறகுதான் பாய்கிற விதம் மாறியது.

இதை ஐயாவுக்குச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப மெத்தை இல்லாத பள்ளிக்கூடப் பிள்ளையள் இன்னும் 1958இலதான் நிக்குதுகள் எண்டு சொல்லுறியள்" என்றார். அதைத்தான் சொல்ல வந்தோம், எங்களைவிட அவர் நன்றாகச் சொல்லிப்போட்டார்.

அடி தட்டுது என்று சொன்ன தங்கச்சி கத்தரிப் பாய்ச்சல்தான் பாய்வாள். ஒரு காலுக்குப் பின்னால் மற்றக் காலைத் தூக்கித் தாண்டி, காலில் வந்து நிற்பாள். நல்லாப் பாய்வாள். ஆனால் வலயப் போட்டிக்குப் போனால் முதல் மூன்று இடமும் பின்பக்கமாகப் பாய்கிற பிள்ளைகளுக்குத்தான். "அவளுக்கு முதுகால பாயத் துணிவு இல்லை" என்று பெரியாக்கள் சிலர் சொல்வதை நாங்களே கேட்டிருக்கிறோம். துணிவு இல்லாத பிள்ளை இல்லை அவள். மெத்தையின் எந்த இடத்தில் தரை இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை.

கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனைகள் வைத்த அனித்தா ஜெகதீஸ்வரன் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியில் இருந்து வந்தவர். எங்களுக்கு அதில் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையைச் சொல்லும்போது, மெத்தை இல்லாத பள்ளிக்கூடத்தில் அந்த விளையாட்டைத் தொடங்கவே ஏலாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சில ஊர்களில் திறமை இல்லை என்று நாங்கள் நினைப்பது பல நேரம் விழ இடம் இல்லாததுதான்.

பொத்திறதா, கேக்கிறதா?

எங்களுக்குள்ளே சண்டை வந்தது இந்த இடத்தில்தான். வன்னியில் இருந்து வந்தவன் ஆரம்பத்திலேயே சொன்னான்: "நாங்கள் பொத்திக் குடுத்தா, 'அவைக்குத்தான் மெத்தை இருக்கே' எண்டு சொல்லிப்போடுவினம். பிறகு புதுசு ஒருநாளும் வராது." அவனுடைய ஊரில் தற்காலிகம் என்று சொல்லிப் போட்ட எத்தனையோ கொட்டில்கள் நிரந்தரமானதை அவன் பார்த்திருக்கிறான். அவன் சொன்னதில் பிழை பிடிக்க முடியவில்லை.

மாதகல்காரி மற்றப்பக்கம் நின்றாள். "தைக்கு இன்னும் ரெண்டு மாசம். கடிதம் எழுதிப் புது மெத்தை வாறதுக்குள்ள இந்தப் பிள்ளையள் ஏ.எல். முடிச்சிடுங்கள். அதுமட்டும் தரையில விழுறதோ?" அதிலும் பிழை இல்லை.

புது மெத்தைக்கு விலை கேட்டோம். கழகத்தின் ஒரு வருட வரவை முழுக்கக் குடுத்தாலும் காணாது. வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரரிடம் கேட்கலாம் என்று ஒரு பேச்சு வந்தது. மண்டபம், வளைவு, மதில் என்றால் காசு வரும். பெயர் பொறிக்க இடம் இல்லாத சாமானுக்குக் காசு வருவது கஷ்டம். அதுவும் ஆக்கள் ஏறி விழுகிற சாமானுக்கு.

கடைசியில் எடுத்த முடிவு இதுதான். பொத்துவோம், ஆனால் பொத்தினது என்று தெரியிற மாதிரிப் பொத்துவோம். என்ன குறை மிச்சம் இருக்கிறதோ அதை மெத்தையிலேயே எழுதுவோம். அந்த எழுத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறோம்.

வேலை

எப்படி அடுக்குவது என்பதற்குப் பாறை ஏறுகிறவர்களிடம் இருந்து ஒரு யோசனை கிடைத்தது. கயிறு இல்லாமல் சின்னப் பாறைகளில் ஏறுகிறவர்கள் மடித்து முதுகில் கொண்டுபோகிற 'கிராஷ் பாட்' என்ற மெத்தை ஒன்று உண்டு. ஒருவர் தன்னுடைய பழைய மெத்தையைப் பிரித்துப் புது ஸ்பொஞ் அடைகிறதை யூரியூப்பில் பார்த்தோம். மேலே மெல்லிசாக ஒரு இறுக்கமான தட்டு, றப்பர்ச் செருப்பின் அடி மாதிரி. அதன் அறைகள் மூடினவை, காற்று வெளியே போகாது. கீழே தடித்த மெதுவான ஸ்பொஞ். மேல்தட்டு, விழுகிற பாரத்தை ஒரு புள்ளியில் விடாமல் அகலத்துக்குப் பரப்பும். கீழ்த்தட்டு அதை மெதுவாக வாங்கும். எங்கள் மெத்தையில் இரண்டு கட்டைக்கும் நடுவே ஒரு நீக்கல் இருந்தது. முழங்கையோ காலோ அதற்குள் இறங்கினால் முறியும். இரண்டையும் மூடி மேலே ஒரே விரிப்பாக இந்த இறுக்கமான தட்டைப் போட்டால் இரண்டு பிரச்சினையும் தீரும்.

ஸ்பொஞ் வாங்கத் துணைக்கு வந்தவர் பஸ் சீற்றுக்குக் குஷன் அடிக்கிற அண்ணை ஒருவர். கடையில் நாங்கள் ஒவ்வொன்றாக அமத்தி அமத்திப் பார்க்க அவர் சிரித்தார். "அமத்திப் பாக்காதேங்கோ பிள்ளையள், தூக்கிப் பாருங்கோ. பாரம்தான் கதை." ஸ்பொஞ் இறுக்கமா மெதுவா என்பது ஒரு விசயம், அடர்த்தி வேறு விசயம். மலிவான ஸ்பொஞ்சும் கடையில் இறுக்கமாக இருக்கும், ஒரு வருடத்தில் படுத்துவிடும். ஒரே அளவுத் துண்டில் பாரம் கூடினதுதான் கனகாலம் நிற்கும். காசுக்கு ஏற்ற மாதிரி, கட்டைக்கு இரண்டு புதுத் தட்டு வாங்கினோம்.

மிச்சத்தைப் பழசில் இருந்து எடுத்தோம். தூளாய்ப்போன அடித்தட்டை வீசினோம். நடுவில் இருந்த நல்ல தட்டு இரண்டையும் நிழலில், காற்றுப் படுகிற இடத்தில் நாலு நாள் நிறுத்திக் காயவைத்தோம். பஞ்சு மெத்தையைப்போல நேர் வெயிலில் போட்டால் ஸ்பொஞ் மஞ்சளாகிப் பொரிந்துபோகும். படுத்துப்போன மேல்தட்டுகளில் ஓரங்கள் உயிரோடுதான் இருந்தன, அங்கே ஒருத்தரும் விழுவதில்லையே. அந்த ஓரங்களைப் பாண் வெட்டுகிற பல்லுக்கத்தியால் அரிந்து, பக்கம் பக்கமாக ஒட்டி, புது அடித்தட்டாக ஆக்கினோம். ஆகவே கீழே ஒட்டுத்தட்டு, அதற்கு மேலே பழைய நல்ல தட்டு இரண்டு, உச்சியில் புதுத்தட்டு இரண்டு.

ஒட்டுகிற வேலை வெளியில், மரத்துக்குக் கீழே நடந்தது. அந்தக் கம் நெருப்புப் பற்றும், மணமும் தலையைச் சுற்றும். இரண்டு பக்கமும் பூசி, கையில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, பிறகுதான் சேர்க்கவேண்டும். முழுப் பரப்பிலும் பூசக்கூடாது என்று அண்ணை திரும்பத் திரும்பச் சொன்னார். கம் காய்ந்த இடம் தகடு மாதிரி விறைத்துவிடும். ஓரத்தில் ஒரு கோடு, நடுவில் அங்கங்கே ஒரு பொட்டு, காணும்.

ஸ்பொஞ்சை உறையைவிட ஒவ்வொரு பக்கமும் ஒரு விரல் அகலம் கூடுதலாக வெட்டவேண்டும். அப்போதுதான் உறை சுருங்காமல் இறுகி நிற்கும். ஆனால் கூடுதலாக வெட்டினதை உறைக்குள் எப்படிப் புகுத்துவது? ஸ்பொஞ்சைப் பொலித்தீனால் சுற்றி, நாலு பேர் மேலே படுத்துக் காற்றை நெரித்து, வழுக்கி வழுக்கி உள்ளே தள்ளி, பிறகு பொலித்தீனை மட்டும் இழுத்து எடுக்கவேண்டும். அதைப் பார்க்க ஊர்ச் சின்னப்பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டார்கள். அண்டைக்குச் சிரித்த மாதிரி நாங்கள் கம்பசிலும் சிரித்ததில்லை.

பக்கங்களில் காற்றுப் போகிற வழிக்கு மாதகல்காரி வீட்டில் இருந்து பழைய மீன்வலைத் துண்டுகள் கொண்டுவந்தாள். அவளுடைய அப்பா கடற்தொழில். வலை பொத்துகிறது அவளுக்குக் கைப்பழக்கம். சாக்கு ஊசியும் தங்கூசியும் எடுத்து அவள் தைத்த தையல்தான் எங்கள் மெத்தையிலேயே பலமான பகுதி. கீழே வைக்க மரப் பலெற் நாலு கிடைத்தது. மெத்தையின் விளிம்பில் இருந்து ஒரு சாண் உள்ளுக்குத் தள்ளி அடுக்கினோம், காலில் படாதபடி. இனித் தரை ஈரம் ஸ்பொஞ்சில் ஏறாது. மழைக்கு மூட ஒரு படங்கும் வாங்கினோம்.

முடிந்தது என்று சொல்ல முதல் ஒரு சோதனை. 25 கிலோ மணலை இரண்டு சாக்கில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டி, மெத்தைக்கு ஒரு மீற்றர் மேலே இருந்து நடுவில் போட்டோம். பக்கத்தில் அளவுநாடா ஒட்டி, போனில் மெதுவோட்டத்தில் எடுத்தோம். பிரிக்க முதல் இதே மூட்டையைப் போட்டபோது 'தொம்' என்று தரைச் சத்தம் கேட்டது. இப்போது மூட்டை 20 சென்ரிமீற்றருக்கு மேல் இறங்கி, சத்தமில்லாமல் நின்றது. நடு, ஓரம், கட்டை சேருகிற இடம் என்று ஒன்பது இடத்தில் போட்டுப் பார்த்து எழுதிவைத்தோம்.

மெத்தையில் எழுதினது

உறையின் முன்பக்கத்தில் வெள்ளை பெயின்ரால் இப்படி எழுதியிருக்கிறோம்:

"பயிற்சிக்கு மட்டும். இது 3 மீற்றர் × 2 மீற்றர். உயரம் அரை மீற்றர். போட்டிக்கு வேண்டிய குறைந்த அளவு 5 × 3, உயரம் 0.7. முழு ஓட்டத்தோடு முதுகால் பாயவேண்டாம். ஈரமாக இருந்தால் பாயவேண்டாம்."

ஸ்பொஞ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மெத்தை சின்னது. வேகமாக ஓடிவந்து முதுகால் பாய்கிற பிள்ளை மெத்தையைத் தாண்டி விழலாம். அதை எந்தத் தையலாலும் சரிசெய்ய ஏலாது. அதனால் இப்போது பிள்ளைகள் நின்ற இடத்தில் இருந்து பின்பக்கமாக எம்பி முதுகால் விழுகிற பயிற்சியும், மூன்று நாலு அடி ஓட்டத்தோடு பாய்கிறதும் செய்கிறார்கள். முழு ஓட்டம் என்றால் கத்தரிப் பாய்ச்சல் மட்டும்.

தங்கச்சி முதல் நாள் தடிக்கு முதுகைக் காட்டி நின்று, கையால் பின்னுக்குத் தடவி மெத்தை இருக்கா என்று பார்த்துவிட்டுத்தான் எம்பினாள். மூன்றாவது தரம் தடவவில்லை. எழும்பி வந்து கேட்டாள்: "அப்ப முழு ஓட்டத்தோட எப்ப அக்கா?"

எங்களிடம் அதற்குப் பதில் இல்லை. பதில் வைத்திருக்கவேண்டியவர்களுக்குக் கடிதம் எழுதினோம். இரண்டு பள்ளிக்கூடத்திலும் உயரம் பாய்கிற பிள்ளைகள் எத்தனை பேர், மெத்தையின் அளவு, ஒன்பது இடத்துச் சோதனை, பழைய தட்டுகளின் படம், வெள்ளை எழுத்தின் படம் எல்லாம் இணைத்திருக்கிறோம். கடிதத்தை எழுதினவன் பொத்தவேண்டாம் என்று சண்டை பிடித்த அதே ஆள்தான். "இப்ப இது மெத்தை இல்லையடா, முறைப்பாடு" என்கிறான். இதை எழுதுகிற வரைக்கும் பதில் வரவில்லை. வலயப் போட்டிக்கு முதல் நேரில் போவதாக இருக்கிறோம்.

உங்கள் ஊரிலும் ஒரு கழகத்திலோ பள்ளிக்கூடக் களஞ்சியத்திலோ இப்படி ஒரு நீல மெத்தை கிடக்கும். இந்தக் கிழமை போய் நடுவில் முழங்காலை ஊன்றிப் பாருங்கள். தரை தட்டினால் உறையைப் பிரியுங்கள், உள்ளே நல்ல தட்டு கட்டாயம் மிச்சம் இருக்கும். தங்கூசியும் வலைத்துண்டும் வேண்டுமானால் மாதகல்காரியிடம் இன்னும் கிடக்கு.